காற்று மறைவு

மூன்றாவது சைக்கிளிலிருந்தும் ரான்ஹீ இறங்கிவிட்டாள். தூப்யோ அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"இதுவும் வேணாமா அண்ணி? மாப்பிள்ளை பாக்கறப்பகூட நீங்க இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க."

"பாத்திருந்தா உங்க அண்ணனக் கட்டியிருப்பேனா" என்றாள்.

தூப்யோ அவள் கணவன் கிபோமுக்குப் பள்ளியில் இளையவன். யாங்பியோங் சந்தைக்குப் பின்னால் அவனுடைய சைக்கிள் கடை. அன்று காலையிலிருந்து அவளுக்காக ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். முதலாவது கார்பனில் செய்தது. ஒரு விரலில் தூக்கிவிடலாம். ஆனால் மட்கார்டு மாட்ட அதில் இடமில்லை, டயர் அவள் கட்டைவிரல் அகலம்தான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் மழை பெய்யாமலா இருக்கும்? இரண்டாவதன் கைப்பிடி நேராக இருந்தது. உட்கார சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் கையை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு போனால் உள்ளங்கை மரத்துப்போகும் என்று அவனே ஒப்புக்கொண்டான். அவளுக்குக் கைதான் பிழைப்பு. ஆற்றோரம் தொக்சோ ஊரில் ஒரு பல் கட்டும் கூடத்தில் பொய்ப்பல் செய்கிறவள் அவள். மரத்த விரல்களோடு மெழுகைச் செதுக்க முடியாது. மூன்றாவது எல்லா விதத்திலும் சரி. வளைந்த கைப்பிடி, ஏற்றத்துக்குப் பொறுமையான கியர், மட்கார்டு. ஆனால் கைப்பிடி எட்டவில்லை. எட்டிப் பிடித்தால் தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன.

அதுவரைக்கும் அவள் வேலைக்கு ரயிலில்தான் போய்வந்தாள். வசந்தகாலத்தில் ஒரு நாள் காலை, வழியிலுள்ள யாங்சு நிலையம் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும், காரணமே இல்லாமல் அவளுக்கு மூச்சு அடைத்தது. முன்னால் நின்றவனின் கோட்டுத் துணி, கதவின் ரப்பர் விளிம்பு, கறுத்துப்போன ஜன்னலில் தெரிந்த தன் முகம் எல்லாமாகச் சேர்ந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தன. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை மூச்சைச் சரிசெய்தது, விரல்களைக் கெடுத்தது. எதைத் தொட்டாலும் உறை மாட்டிய கையால் தொடுவதுபோல இருந்தது. அவள் செய்த பல்வரிசை ஒன்று கடி சேரவில்லை என்று திரும்பி வந்தது, பிறகு இன்னொன்றும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் ஆற்றோரச் சைக்கிள் பாதை நினைவுக்கு வந்தது. ரயிலுக்குப் புதுத் தடம் போட்ட பிறகு பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துச் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். அதிலும் பழைய ரயில் சுரங்கங்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அங்கே கதவு கிடையாது, நினைத்த இடத்தில் நிற்கலாம், திரும்பி ஓடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அது என்ன?" என்று கேட்டாள். கடையின் பின்பக்கம், காற்றடிக்கிற எந்திரத்துக்கு மேலே ஒரு கரும்பச்சை சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது.

தூப்யோ நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "அது விக்கத்தான் வந்திருக்கு. ஆனா உங்களுக்கு வேணாம்."

"ஏன்?"

"யூன்னு ஒரு ஐயா, தபால் ஆபீஸ்ல இருந்து ரிடையரானவர். அவரோட வீட்டம்மா ஓட்டினது. போன குளிருல தவறிட்டாங்க."

"இதுல போறப்பவா?"

"சேச்சே. வயித்துல புத்துநோய். ஆஸ்பத்திரியிலதான். சைக்கிள் மேல ஒரு குத்தமும் இல்ல. நல்ல எஃகு, நானே வருஷா வருஷம் கழட்டி மாட்டினது. இருந்தாலும்..."

இறக்கச் சொன்னாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கைகள் தாமாகவே பிரேக் முனைகளுக்குப் போய் அமர்ந்தன. முழங்கை எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவு மடங்கியது. கால், பெடலின் அடிமட்டத்தைத் தேடாமல் கண்டுகொண்டது. சீட்டைச் சரிசெய்ய தூப்யோ ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்பானரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உங்களுக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றான். பொருள் விற்றுப்போகிற சந்தோஷம் அவன் குரலில் இல்லை.

கிபோம் கோஜே தீவில் கப்பல் கட்டுமிடத்தில் கிரேன் ஓட்டுபவன். மாதம் ஒருமுறையோ இருமுறையோ வருவான். சாயங்காலம் அவள் போனில் சைக்கிளைப் பற்றிச் சொன்னாள்.

"செத்தவங்க செருப்ப யாராவது எடுத்துப் போட்டுக்குவாங்களா?"

"செருப்பில்ல, சைக்கிள்."

"ரெண்டும் காலுக்குத்தானே. சரி, வாங்கிட்ட. பேய் கீய் கூட வந்துச்சுன்னா பின்னாடி ஒரு கேரியர் வாங்கி மாட்டு. பாவம், வழி முழுக்க நின்னுகிட்டா வரும்?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். வைக்கும்போது, "ஹெல்மெட் போட்டுக்க" என்றான்.

*

கோடை முடிகிற சமயத்தில் ஓட்டத் தொடங்கினாள். விடிந்ததும் கிளம்பினால் வேலை நேரத்துக்குப் போய்விடலாம். யாங்பியோங்கிலிருந்து ஆறு இடது பக்கமாகவே கூட வரும். சோள வயல்கள், பூட்டிக் கிடக்கும் வார இறுதி வீடுகள், நாய் குரைக்கிற ஒரு முட்டைக் கடை. அதன்பின் மலை ஆற்றை நெருக்கிக்கொண்டு வர, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடும். கடைசிச் சுரங்கத்துக்கு அப்பால் ஒரு சிறிய ஓய்விடம், டீக்கடை. அதைத் தாண்டியதும், வடக்கிலிருந்து வந்து சேரும் இன்னோர் ஆற்றின் மேல் பலகை பாவிய பழைய ரயில் பாலம்.

முதல் நாள் முதல் சுரங்கத்தின் வாயில் நின்றாள். உள்ளிருந்து நிலவறைக் குளிர் வந்து முகத்தில் பட்டது. விளக்குகள் ஆள் வந்தால் எரிந்து, ஆள் போனதும் அணைகிற வகை; ஆகவே உள்ளே பாதி தூரம் மட்டும் தெரிந்தது, மிச்சம் இருட்டு. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஒவ்வொரு விளக்காக அவளுக்கு முன்னால் எரிந்துகொண்டே போயிற்று. நடுப்பகுதியில் மூச்சு ஏறுவதை நிறுத்திக்கொண்டு, தொண்டையில் ஒரு கட்டியாக நின்றது. இறங்கிவிடலாம் என்று நினைத்த அந்த நேரத்தில்தான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக் என்று, பின்சக்கரத்து ஃப்ரீவீல் ஓடுகிற சத்தம். யாரோ பின்னால் வருகிறார்கள். நடுப்பாதையில் இறங்கி நின்று அவர்களை மறிக்கக் கூடாது என்பதற்காகவே தொடர்ந்து மிதித்தாள். வெளிச்சம் வந்தது. ஓரமாக ஒதுங்கி, போங்கள் என்று கையைக் காட்டினாள். யாரும் கடந்துபோகவில்லை. திரும்பிப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் கடைசி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதுவும் அணைந்தது.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மிதிக்காமல் விட்டால்தான் ஃப்ரீவீல் சத்தம் போடும். அவளோ மிதித்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் கவனித்துப் பார்த்தாள். அவள் காலை நிறுத்தினால் அவளுடைய சக்கரம் கரகரவென்று கட்டைக் குரலில் ஓடியது. பின்னால் கேட்டது அதைவிட மெல்லியது, சீரானது. அவள் மிதிக்கும்போதுதான் அது கேட்டது. மிதிக்காமல் சும்மா உருண்டு வருகிற ஒருவரின் சத்தம்.

தூப்யோவிடம் ஒருநாள் செயினுக்கு எண்ணெய் போட நின்றபோது சுற்றி வளைத்துக் கேட்டாள். "ஒருத்தர் பின்னாடியே ஒட்டி வந்தா அவங்களுக்கு மிதிக்கவே வேணாமா தம்பி?"

"கிட்டத்தட்ட. முன்னாடி போறவங்க காத்த ஒடைச்சுக்கிட்டுப் போவாங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு அது மறைவு. பாதி பலம் போதும். ஏன், யாராவது ஓசியில வர்றானா?"

"இல்ல, சும்மாதான்" என்றாள்.

அது எல்லாச் சுரங்கத்திலும் வந்தது. வெளியே வந்ததும் ஆற்றுக் காற்றிலும் மர இலைகளின் சலசலப்பிலும் கரைந்துவிடும். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. திடீரென்று பிரேக் பிடித்துப் பார்த்தாள். சத்தம் நின்றது. இடிக்கவில்லை, உரசவில்லை. பின்கழுத்தில் மட்டும், யாரோ ஒருவர் தடுமாறித் தரையில் கால் ஊன்றி நிற்பதுபோன்ற ஓர் உணர்வு. அதன் பிறகு அவள் அப்படித் திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

விசித்திரம் என்னவென்றால் மூச்சு அடைப்பது நின்றுவிட்டது. சுரங்கத்துக்குள் நுழைந்து சிறிது தூரம் போனதும் நெஞ்சு இறுகத் தொடங்கும், அந்தச் சத்தம் வந்து சேரும், இறுக்கம் தளர்ந்துவிடும். மாத்திரையை விட்டாள். விரல்கள் திரும்பி வந்தன. முதலாளி அவள் செய்த ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழைய ரான்ஹீ வந்தாச்சு" என்றார். எதற்காகப் பயந்து ரயிலை விட்டாளோ அந்தச் சுரங்கத்துக்குள்தான் இப்போது அவளுக்கு நாளின் அமைதியான நேரம் இருந்தது. கணவன் தெற்கே, மகள் பூசானில் கல்லூரி விடுதியில். தனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், தான் உடைக்கிற காற்றில் அவருக்கு இடம் இருக்கிறது என்பது பல வருஷங்களில் அவள் மறந்துபோயிருந்த ஒன்று.

பயம் வந்தது வெளியிலிருந்து. சூசோக் பண்டிகை விடுமுறை முடிந்து, ஆற்றில் பனிமூட்டம் எழத் தொடங்கியிருந்த ஒரு காலை. கடைசிச் சுரங்கத்தைத் தாண்டி டீக்கடையில் நின்றாள். கடை நடத்துகிற ஹ்வாசுன் அக்கா சூடான பார்லித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"உன்கூட வர்றவங்க ஒரு நாளாச்சும் நின்னு குடிச்சிட்டுப் போனா என்ன? தினமும் நேரா பாலத்துக்குப் போயிடறாங்களே."

ரான்ஹீயின் கையில் தம்ளர் சுட்டது. கீழே வைக்கவில்லை. "யாரு அக்கா?"

"அதான், ஒல்லியா. பனியில மூஞ்சி தெரிய மாட்டேங்குது. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே வர்றீங்க, இங்க வந்ததும் நீ நிக்கற, அவங்க போயிடறாங்க. சண்டையா?"

"இல்ல அக்கா. அவங்க அவசரமா போகணும்" என்றாள். தன் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு இயல்பாக வந்தது என்று அவளுக்கே உடம்பு கூசியது. அன்று வேலையில் மெழுகு உருகிக் கையில் வழிந்தது. சாயங்காலம் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே குழாயடியில் பூட்டினாள். காலையில் அதன் சீட்டில் பனி பூத்திருந்தது. துடைத்துவிட்டு ஏறினாள். வேறு என்ன செய்வது?

*

அந்த வாரமே அவள் யூனைப் பார்த்தாள். நான்காம் சுரங்கத்துக்கும் ஐந்தாம் சுரங்கத்துக்கும் நடுவே செயின் கழன்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி, குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது தான் கடந்து வந்த சுரங்கத்துக்குள் விளக்குகள் எரிவதைக் கண்டாள். ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்து, வாயருகே நின்றன. அங்கே ஒருவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். இந்த முறை மெய்யாகவே ஆள். அறுபதைத் தாண்டியவர், சாம்பல்நிற மழைக்கோட்டு, காலில் சாதாரண நடைச் செருப்பு. அவள் நிமிர்ந்து பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் போகவுமில்லை.

கையில் செயின் கரியோடு அவள் நேராக அவரிடம் நடந்தாள். டீக்கடையில் தொடங்கிய பயம் ஒரே நொடியில் கோபமாகியிருந்தது.

"நீங்கதானா? இத்தனை நாளா என் பின்னாடியே வந்துகிட்டிருக்கறது நீங்கதானா? போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கம்மா. தப்பில்ல" என்றார். "என் பேரு யூன். நீங்க ஓட்டறது எங்க வீட்டுக்காரியோட சைக்கிள்."

அவள் கையிலிருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"யார் வாங்கினாங்கன்னு தூப்யோ சொல்லல. நான்தான் பச்சைக் கலரப் பாத்துட்டேன். ரோட்டுல ஓடறத ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு சூசோக் கழிஞ்சு இங்க வந்து நின்னேன். அவ்வளவுதான் நினைச்சேன்."

"சூசோக்குக்கு அப்புறமா?" என்றாள் ரான்ஹீ. "பொய் சொல்லாதீங்க. நான் வாங்கின அன்னையிலேர்ந்து எனக்குச் சத்தம் கேக்குது."

யூன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது பயமில்லை. கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்த ஆளைக் கண்டுவிட்டவனின் முகம்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றார். பிறகு மெதுவாக, "நான் உங்க பின்னாடி வரலம்மா. உங்க பின்னாடி வர்ற ஆளுக்குப் பின்னாடி வர்றேன்" என்றார்.

ஆற்றில் ஏதோ ஒரு பறவை தண்ணீரைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அவர் நின்றபடியே சொன்னார். மனைவி பெயர் கும்ஓக். அவர் தபால் ஆபீஸில் இருந்தபோது, அவள் அதே தெருவில் துணிக்கடையில் கணக்கு எழுதினாள். இருவரும் வேலைக்கு இந்த வழியாகத்தான் சைக்கிளில் போய்வந்தார்கள். இது பாதையாகும் முன்னால் சாலையோரமாக, பாதையான பிறகு இதில். அவள் ஒல்லி, ஆற்றுக் காற்று அவளைத் தள்ளும். ஆகவே எப்போதும் அவர் முன்னால், அவள் பின்னால். கடைசி மாதம் மருத்துவமனையில் நினைவு தப்பிப்போன பிறகும் போர்வைக்குள் அவள் கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நர்ஸ் வந்து பிடித்து நிறுத்துவாள், விட்டதும் மறுபடி சுற்றும். அது ஏற்றமா இறக்கமா என்று தனக்குத் தெரிந்தது என்றார்.

"அத்தனை வருஷமும் அவ எனக்குப் பின்னாடிதாம்மா வந்தா. அவ சைக்கிள் ஓட்டி நான் பாத்ததே இல்ல. சத்தம்தான் தெரியும். இப்பதான் பாக்கறேன்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிக்கறா. எனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நான் திரும்பினா யாருமே இல்ல."

"நீங்க முன்னாடி இருக்கீங்க. முன்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது." அவர் செருப்பின் வாரைக் குனிந்து சரிசெய்தார். "வேணாம்னு சொல்லுங்க, நாளையிலேர்ந்து வரல. சைக்கிளத் திருப்பிக் கேக்க மாட்டேன். அது உங்களுக்குச் சேந்திருக்கு."

அவள் தன் சைக்கிளுக்குத் திரும்பி நடந்தாள். செயினை மாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அடுத்த சுரங்கத்தில் சத்தம் வந்தது. அவள் அழுதுகொண்டே ஓட்டினாள், யாருக்காக என்று தெரியாமல்.

மறுநாள் ரயிலில் போனாள். எல்லாம் அந்த சைக்கிளோடு வந்த பித்து, தான் தேறிவிட்டோம், தேறியவள் எல்லோரையும்போல ரயிலில் போகலாம் என்று ஒரு கணக்கு. யாங்சு தாண்டியதும் ஜன்னல் கறுத்தது. காதைக் கூர்மையாக்கி வைத்துக்கொண்டாள். சக்கரங்களின் இரைச்சல், யாரோ ஒருவனின் காதிலிருந்து கசிந்த பாட்டு, அவ்வளவுதான். பின்னால் ஒரு பெண்மணியின் பைதான் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. கட்டி தொண்டைக்கு ஏறியது. இறங்கி, நடைமேடைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆகவே அவளுக்கு அது வேண்டும். மாத்திரை வேண்டாம், அது வேண்டும். தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. இன்னொருத்தியின் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது போல.

கிபோமிடம் போனில் முழுவதையும் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள்.

"அந்த ஆளு எப்படி? நல்லவரா?" என்று கேட்டான்.

"நல்லவர்தான். செருப்பு போட்டுக்கிட்டு வர்றார் குளிருல."

"அந்தம்மா?"

"அவங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? என் முதுகத்தான் தினமும் பாத்துக்கிட்டு வர்றாங்க."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும்போதும் இருந்தது. அவளுடைய முதுகு. முன்பின் தெரியாத ஒரு பல் செய்கிறவளின் முதுகு. இத்தனை வருஷம் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு.

*

உறைபனி விழுந்த முதல் காலை. யூன் வருவாரென்று நினைத்து, மறுபடி சைக்கிளில் வந்தவள் நான்காம் சுரங்கத்துக்கு வெளியே நின்றாள். சிறிது நேரத்தில் உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டு வந்தன. அவளைக் கண்டதும் எப்போதும்போல வாயிலேயே நின்றுவிட்டார். இன்று காலில் ஷூ இருந்தது.

"ஐயா, இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க" என்றாள் ரான்ஹீ.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையை ஆட்டினார். "வேணாம்மா. முன்னாடி போனா நான் அவளப் பாக்க முடியாது."

"அவ்வளவு வருஷமும் பாக்காமத்தானே போனீங்க. அவங்க வரலையா?"

"வந்தா."

"அவங்களுக்கு யாரு முதுகு தெரியணும், என்னுதா?"

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். வாயிலிருந்து புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளைக் கடந்தார், கடக்கும்போது, சின்னப் பிள்ளைபோல, "வராம போயிட்டா?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றாள் அவள். அது உண்மை.

அவர் ஏறி மிதித்தார். அவள் அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போனாள். ஐந்தாம் சுரங்கம் திறந்துகொண்டது. முதல் முறையாக இன்னொருவர் உடைத்த காற்றில் அவள் போனாள்; அவ்வளவு லேசாக இருந்தது, மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சு இறுகியது. பின்னால் சத்தம் வந்து சேர்ந்தது. மெல்லிய, சீரான டிக்டிக்டிக். மூச்சு தளர்ந்தது. யூனின் தோள்கள் விறைத்தன. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை.

இப்படியே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மூவராகவே. அவர் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளட்டும், தனக்கும் பின்னால் ஆள் இருக்கட்டும். யாருக்கும் ஒன்றும் குறையாது. ஆனால் நடுவில் இருப்பது அவள். அவள் தலை, அவள் தோள், அவளுடைய சிவப்புச் சட்டை. அவள் கால்களை நிறுத்தினாள். கைப்பிடியை வலது பக்கம் லேசாகத் திருப்பிச் சுவரோரம் ஒதுங்கினாள். அவளுக்கும் யூனுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. காற்று முகத்தில் வந்து மோதியது. பின்னால் சத்தம் நின்றது. மிதிக்கத் தொடங்கிவிட்டால் ஃப்ரீவீல் சத்தம் போடாது அல்லவா? அவளுடைய இடது தோளைத் தொட்டும் தொடாமலும் ஒரு குளிர் கடந்துபோயிற்று. அதில் லேசாகத் துணி அலமாரியின் வாசனை இருந்தது, அல்லது இருந்ததாகத் தோன்றியது. முன்னால் யூனின் தலைக்கு மேல் எரிந்த விளக்கு, அவர் போன பிறகும் அணையாமல் இன்னும் ஒரு கணம் எரிந்தது. பிறகு வெகு முன்னால் அந்த டிக்டிக்டிக் மறுபடி கேட்டது. சுரங்க வாய்வரை கேட்டுக்கொண்டே போய், வெளிச்சத்தில் இல்லாமலாயிற்று.

கடைசிச் சுரங்கத்தை ரான்ஹீ தனியாகக் கடந்தாள். பாதியில் நின்றாள். கட்டி ஏறியது. இரு கையாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, அது ஏறுவதைப் பார்த்தபடி நின்றாள். அவள் அசையாமல் நின்றதால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டில் தன் மூச்சு மட்டும் கேட்டது, கரகரவென்று, கட்டைக் குரலில். அது நிற்கவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே, சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

டீக்கடை இன்னும் திறக்கவில்லை. யூன் அதற்குள் பாலத்தின் நடுவுக்குப் போயிருந்தார். ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டத்தில் அவர் பாதிதான் தெரிந்தார். அவசரப்படாமல், பின்னால் வருகிறவர் தன் காற்று மறைவிலிருந்து நழுவிவிடாதபடி ஓட்டுகிற நிதானத்தில் போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, தொடைக்குக் கீழே நீட்டி, விரலால் தரையைச் சுட்டிக்காட்டினார். பலகை ஒன்று பெயர்ந்திருக்க வேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காட்டுகிற சைகை அது. ரான்ஹீ பாலத்தின் இந்தக் கரையில் நின்றிருந்தாள், அது அவளுக்கானதல்ல. கை திரும்பக் கைப்பிடிக்குப் போயிற்று. மூட்டம் அவரை மூடியது.

பாலத்தின் பலகைகளில் உறைபனி, உப்புத் தூவியதுபோலப் படிந்திருந்தது. வேறு யாரும் அன்று அதில் போயிருக்கவில்லை. அதன்மேல் ஈரமாக, கருமையாக இரண்டு கோடுகள் போயின. ஒரே சைக்கிளின் முன் சக்கரமும் பின் சக்கரமும் கொஞ்சம் விலகி ஓடினாலும் இரண்டு கோடு விழும் என்று அவளுக்குத் தெரியும். பெயர்ந்த பலகையருகே ஒரு கோடு வளைந்தது. சற்றுத் தள்ளி மற்றதும் வளைந்தது. அவள் சைக்கிளில் ஏறி, அந்தக் கோடுகளின் மேல் சக்கரம் படாமல், கைப்பிடிச் சுவரை ஒட்டியே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.